இடுப்பால் திறக்கும் கதவு

எல்டர்கோம், சாமர்செட்
மார்ச் 11, 1974

அன்பு எல்சிக்கு, ஹெட்டி எழுதுவது.

முதலில் பிள்ளைகள் சேதி. அதைச் சொல்லாமல் வேறு எதை எழுத ஆரம்பித்தாலும் என் பேனா நகராது, உனக்கே தெரியும். என் மகள் க்வென்னின் மூத்தவள் ராசலிண்ட் எக்ஸிடரில் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பயிற்சிக்காகப் போன பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை இவளைப் பற்றி, "இந்தப் பொண்ணு வாயைத் திறந்தா போதும், கடைசி பெஞ்சு வரைக்கும் அடங்கிடுது" என்றாளாம். அந்தக் குரல் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தவன் ட்ரெவர் யோவிலில் ஹெலிகாப்டர் செய்கிற இடத்தில் தொழில் பழகச் சேர்ந்துவிட்டான். எத்தனையோ பையன்கள் ஆசைப்பட்ட இடம். சாயங்காலம் வந்தால் கையில் எண்ணெய் போகத் தேய்த்துக் கழுவவே ஒரு மணி நேரம் ஆகிறது. ஹிலரி பதினொரு வயதுப் பரீட்சையில் தேறிவிட்டாள். செப்டம்பரில் டாண்டனில் பெரிய பள்ளிக்கூடம், தொப்பி, லத்தீன் எல்லாம். "பாட்டி, நீங்க எந்தப் பரீட்சை பாஸ் பண்ணீங்க?" என்று கேட்டாள். ஐந்தாம் வகுப்பில் தேறினேன், அதனால்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்றேன். உண்மைதானே எல்சி, தேறினவர்களைத்தானே அந்தக் காலத்தில் சீக்கிரம் வேலைக்குப் போக விட்டார்கள். குழந்தை வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

கடைக்குட்டி காலின் போன கோடையில் ஊர்க் கண்காட்சியில் வெள்ளரிக்காயில் முதலை செய்து இரண்டாம் பரிசு வாங்கினான். முதல் பரிசு பாதிரியாரின் பேரனுடைய முள்ளம்பன்றிக்கு. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஏழு வயதுப் பையன் அவ்வளவு ஒழுங்காக முள் குத்த மாட்டான் என்பது ஊருக்கே தெரியும்.

இங்கே முழங்காலைத் தவிர மற்றது எல்லாம் சுகம். நிலக்கரிச் சுரங்கக்காரர்களின் வேலைநிறுத்தச் சண்டையில் குளிர்காலம் முழுவதும் மின்சாரம் போய்ப் போய் வந்தது. மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். க்வென்னுக்கு எரிச்சல். எனக்கு நம் மாடியறை ஞாபகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் பெரில் சஸ்காட்டூனிலிருந்து எனக்குக் கடிதம் போட்டிருக்கிறாள். இதையும் அவள்தான் உனக்கு வாசித்துக் காட்டப்போகிறாள். பெரில் கண்ணு, நடுவில் உனக்கென்று சில வரி வரும், அதையும் சத்தமாகவே வாசி. உன் அம்மாவைப் பற்றி அவள் முதுகுக்குப் பின்னால் பேச எனக்குப் பிடிக்காது.

எல்சி, நீ சுவரில் மோதுகிறாயாம். பெரில் இப்படி எழுதியிருக்கிறாள்: "அம்மா நல்லாத்தான் நடந்துக்கிட்டு இருப்பாங்க ஆன்ட்டி. கையில வாளியோ பாத்திரமோ இருக்கும். திடீர்னு ஒரு பக்கமா சாஞ்சு ஹால் சுவத்துல போய் இடிச்சுக்குறாங்க. இடது இடுப்பெல்லாம் கன்னிப்போயிருக்கு." உங்கள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உனக்கு உடம்பின் நிதானம் போய்விட்டது, ஒரு பக்கமாக இழுக்கிறது என்றாராம். அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவர் போகும் வரை அப்படியே நின்றாயாம். அதைப் பார்த்துவிட்டு, இனி இவரை வீட்டில் வைத்துக்கொள்வது சரிப்படாது, ஊருக்கு வெளியே கவனிப்பு இல்லம் ஒன்று இருக்கிறது, அங்கே கதவுகளைப் பூட்டி வைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள், அடுத்த பனி விழுவதற்குள் முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

இதைப் படித்துவிட்டு நான் முதலில் சிரித்தேன். சிரித்த பிறகு சிரிக்க முடியவில்லை. க்வென் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா, யாருக்கு என்ன?" என்றாள். ஒன்றுமில்லை, எல்சி கதவைத் தேடுகிறாள் என்றேன்.

பெரில், உன் அம்மா நிதானம் தவறிச் சாயவில்லை. உங்களிடம் அவள் பெரிய வீட்டில் இருந்தேன் என்று மட்டும் சொல்லியிருப்பாள். அது பொய் இல்லை. எல்டர்கோம் மாளிகையில்தான் இருந்தோம், நானும் அவளும், ஒரே கட்டிலில். ஆனால் சுவர்களுக்கு இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம். அந்த வீட்டைக் கட்டியவன், வேலைக்காரிகள் இருப்பதே கண்ணில் படக் கூடாது என்று நினைத்துக் கட்டியவன். முன்பக்கம் பார்த்தால் ஆறு தூண், நடுவில் படிக்கட்டு, இந்தப் பக்கம் எத்தனை ஜன்னலோ அந்தப் பக்கமும் அத்தனை. கூரையின் விளிம்பில் கல்லால் ஒரு கைப்பிடிச் சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் பதுங்கி இருந்தது எங்கள் அறை. புல்வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்படி ஒரு மாடி இருப்பதே தெரியாது. எங்களுக்கும் புல்வெளி தெரியாது. ஜன்னலைத் திறந்தால் கல்லின் முதுகும் மேலே கொஞ்சம் வானமும்தான். எல்சி படுத்துக்கொண்டே, "இன்னிக்கு அந்தக் கொஞ்சத்துல மழை வருது ஹெட்டி" என்பாள்.

விடிவதற்கு முன்னால் நாங்கள் எல்லா அறையிலும் கணப்பைத் துடைத்துச் சாம்பல் அள்ளி, இரும்புக்குக் கறுப்புப் பூச்சுத் தேய்த்து, நெருப்பு மூட்டிவிட்டு வந்துவிட வேண்டும். மஞ்சள் வரவேற்பறையில் சுவர் முழுக்க மஞ்சள் பட்டு ஒட்டியிருந்தது. அந்தப் பட்டுச் சுவரில்தான் நாங்கள் போய்வர ஒரு கதவு. கைப்பிடி கிடையாது, சட்டம் கிடையாது. பட்டும், இடுப்பளவில் ஓடுகிற மரவிளிம்பும், கீழே ஓடுகிற பலகையும் எல்லாமே அந்தக் கதவின் மேலும் அப்படியே ஓடும். மூடிவிட்டால் சுவர்தான். சுவர்க்கதவு என்போம் நாங்கள். எங்கள் கையோ கணப்புக் கறுப்பு. கையை வைத்தால் பட்டு போச்சு. வேலைக்காரிகளின் மேற்பார்வைக்காரி மிசஸ் கிம்பர் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "கைய வெச்சீங்கன்னா அந்தக் கையோட ஊருக்கு அனுப்பிடுவேன். ஆண்டவன் உங்களுக்கு இடுப்புன்னு ஒண்ணு குடுத்திருக்கான்ல." இரண்டு கையிலும் சாம்பல் பெட்டி, நிலக்கரி வாளி. இடது இடுப்பால் ஓர் இடி, கதவு உள்ளே போகும், நாங்களும் உள்ளே போவோம், பின்னால் தானே மூடிக்கொள்ளும்.

இப்போது புரிகிறதா கண்ணு? கையில் வாளி இருக்கும்போதுதானே மோதுகிறாள்?

முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதும் கோபத்தால் இல்லை. வேலை முடியாமல் இருக்கும்போது வீட்டுக்காரர்களில் யாராவது வந்துவிட்டால், சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும், அவர்கள் கடந்து போகும் வரை மூச்சுக்கூடச் சத்தமாக விடக் கூடாது. அது மரியாதை. உங்கள் டாக்டருக்கு உன் அம்மா காட்டினது பெரிய மரியாதை. நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வந்திருப்பார்.

டாக்டரை நான் குறை சொல்லவில்லை. அவர் பிறந்து வளர்ந்த ஊரில் இப்படி ஒரு கதவு இருந்திருக்காது. ஆனால் இல்லத்துக்கு அனுப்புகிற பேச்சைக் கொஞ்சம் தள்ளிப்போடு. பூட்டிய கதவை அவள் எந்த இடுப்பால் திறப்பாள்?

எல்சி, நீ இரு. நான் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். ஈஸ்டருக்கு மாளிகையை மறுபடி திறக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை வலது இடுப்பைக் கொஞ்சம் பயன்படுத்து.

முத்தங்களுடன்,
ஹெட்டி

எல்டர்கோம்
மே 5, 1974

அன்பு எல்சிக்கு,

போய்வந்துவிட்டேன். ட்ரெவர் தன் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போகிறேன் என்றான். நான் மாட்டேன் என்றேன். கடைசியில் க்வென் காரில் போனோம்.

நீ கடைசியாக வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது, படிக்கட்டில் புல் முளைத்திருந்தது, ஞாபகம் இருக்கும். யுத்தத்தின்போது பட்டாளத்துக்காரர்கள் தங்கிப் பாழாக்கிவிட்டுப் போன கோலம். இப்போது பார்த்தால் நம்ப மாட்டாய். குடும்பத்தில் கடைசியாக இருந்தவர் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டார். பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்கள் என்று அரசாங்கம் வைத்திருக்கிற பட்டியலில் முதல் தரமாம். அதனால் ஓர் ஆணி அடிக்கக்கூட எழுதிக் கேட்க வேண்டும். மிசஸ் கிம்பர் இருந்திருந்தால் இதைத்தானே நான் அப்போதே சொன்னேன் என்றிருப்பாள். கல் எல்லாம் கழுவி, தேன் நிறம் திரும்ப வந்திருக்கிறது. வெயில் சாயும் நேரம் தூண்கள் நிற்கிற அழகை உனக்கு எப்படி எழுதுவது. நாம் அங்கே இருந்தபோது ஒரு நாளாவது அதை முன்பக்கமிருந்து பார்த்தோமா? கொல்லை முற்றம், சுரங்க நடை, பின்படிக்கட்டு, இதுதான் நம் எல்டர்கோம். இந்த வயதில் முதல் தடவையாக முன்வாசல் படியில் ஏறினேன். எனக்காக யாரோ கதவைத் திறந்தார்கள். முழங்கால் வலித்தது என்று க்வென்னிடம் சொல்லிக் கொஞ்சம் நின்றேன். வலி இல்லை.

மஞ்சள் அறையில் நாற்காலி போட்டு ஓர் அம்மாள் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். சிவப்புக் கயிறு கட்டி, அதற்கு இந்தப் பக்கமாக நடக்கச் சொல்கிறார்கள். பட்டு வெளிறிவிட்டது எல்சி. வெண்ணெய் நிறம்தான் மிச்சம். வலப்பக்கத்துப் பொய்க்கதவு அப்படியே இருக்கிறது. திறந்தால் செங்கல்தான் என்று தெரியாமல் நீ முதல் நாள் அதன் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக் கையோடு பெயர்த்து எடுத்தாயே, அதே கைப்பிடி. இடப்பக்கம் வீட்டுக்காரர்கள் போய்வர உண்மையான கதவு இருக்கிறது என்பதற்காக வலப்பக்கம் ஒரு பொய்க்கதவு வைத்தான் பார், வீட்டைக் கட்டிய அந்த மனிதனுக்கு இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு பைத்தியம். கைப்பிடியை எப்படி ஒட்டவைப்பது என்று தெரியாமல் மெழுகு வைத்து ஒட்டினோம். அது ராத்திரி விருந்தில் ஒரு கனவானின் கையோடு வந்தது. அவர் குடித்திருந்ததால் பழி அவர் மேலேயே போயிற்று.

நான் கயிற்றுக்கு மேலாகச் சாய்ந்து சுவர்க்கதவைத் தேடினேன். காவல் அம்மாள் எழுந்து வந்து, "சுவத்தைத் தொடக் கூடாதும்மா" என்றாள்.

"தொடப்போறதில்ல. இடுப்பால தள்ளப்போறேன்" என்றேன்.

க்வென் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் என்னையும் பார்த்தாள், என் இடுப்பையும் பார்த்தாள். பிறகு ஆளை அனுப்பி ஒருத்தியைக் கூப்பிட்டாள். வந்தவள் மிஸ் பார்ஜிட்டர். கூரை வேலையைப் பார்க்கிற கட்டடக் கலைஞர் அவள்தான். ராசலிண்டை விடப் பத்து வயது கூட இருக்கலாம். கால்சட்டையும் பூட்ஸும், கொண்டையில் ஒரு பென்சில். சண்டை போடத் தயாராக நின்றேன், அவள் கையை நீட்டினாள். "நீங்க இங்க வேலை பார்த்தவங்களா? எந்த வருஷம்? மாடியில எந்த ரூம்?" என்று மூச்சு விடாமல் கேட்டாள். கயிற்றை அவிழ்த்து என்னை உள்ளே விட்டாள்.

எல்சி, நமக்குத் தெரியாதது எத்தனையோ அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வடக்குப் பக்கத்து மூடிய ஜன்னல்கள் எல்லாம் ஜன்னலை எண்ணி வாங்கிய பழைய வரிக்குப் பயந்து அடைத்தவை என்று நாம் சொல்லிக்கொண்டு திரிந்தோமே, தப்பாம். கட்டும்போதே பொய்யாகக் கட்டியவைதானாம், உள்ளே புகைபோக்கி ஓடுகிறது. சுரங்க நடை ஏன் வளைந்து போகிறது என்பதும் சொன்னாள், நேராக வைத்தால் சமையல் வாசனை முன்கூடம் வரை வந்துவிடுமாம். ஐம்பது வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் சுவர்க்கதவின் முன்னால் என்னை நிறுத்தினாள். குனிந்து ஓர் இடத்தைக் காட்டினாள். இடுப்பளவில் ஓடுகிற மரவிளிம்பில், உள்ளங்கை அகலத்துக்கு வண்ணம் தேய்ந்து மரம் தெரிகிறது. தேய்ந்து தேய்ந்து, பளிங்கு மாதிரி வழவழப்பு. "வேலை பார்த்த பொண்ணுங்க இடுப்பு பட்டுப் பட்டுத் தேஞ்ச இடம்னு நினைச்சேன். உறுதியா தெரியல. இருந்தாலும் இந்த இடத்துக்கு மட்டும் வண்ணம் அடிக்கக் கூடாதுன்னு நான் எழுதி வாங்கிட்டேன். இதுவும் கட்டடத்தோட சேர்த்துப் பாதுகாக்க வேண்டியதுதான்" என்றாள்.

உறுதிதான் என்றேன். அதில் பாதி என்னுடையது, பாதி சஸ்காட்டூனில் இருக்கிற எல்சியுடையது என்றேன். நமக்கு முன்னால் எத்தனை பேரோ, அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் எல்சி, உன் இடுப்பும் என் இடுப்பும் அரசாங்கப் பட்டியலில் ஏறிவிட்டன. தூணுக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு. மிசஸ் கிம்பர் கல்லறையில் புரண்டு படுத்திருப்பாள்.

தள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டேன். தள்ளுங்கள் என்றாள். இடித்தேன். திறந்தது. உள்ளே பின்படிக்கட்டு, அதே ஈரக் கல் வாசனை, கொஞ்சம் புகைக்கரி வாசனையும். ஏற முடியவில்லை. மிஸ் பார்ஜிட்டர் எனக்குப் பதிலாக ஓடி ஏறிப் போய்விட்டு வந்து, "கல்லும் கொஞ்சம் வானமும்தான் தெரியுது" என்றாள். நான் அவளிடம் அதைச் சொல்லவே இல்லை.

கீழே வந்து தேநீர் குடிக்கும்போது உன் விஷயம் சொன்னேன். இடுப்புக் காயம், டாக்டர், இல்லம் எல்லாம். அவள் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தாள். கதவின் படத்தை அங்குலம் போட்டு வரைந்து கொடுத்திருக்கிறாள். அதை இதோடு வைத்திருக்கிறேன். இது உன் மருமகனுக்கு.

லாயிட், நீ தானியக் கிடங்குகளும் அலமாரிகளும் செய்கிறவன் என்று பெரில் சொல்லியிருக்கிறாள். உங்கள் வீடு மரச்சட்டத்தில் கட்டியது, ஹால் சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்களை என்றும் எழுதியிருந்தாள். எல்சி எந்த இடத்தில் இடிக்கிறாளோ, அந்த இடத்தில் இந்தக் கதவை வை. கீல் வெளியே தெரியக் கூடாது. விளிம்புகளைச் சாய்வாக அறுக்க வேண்டுமாம், நேராக அறுத்தால் திறக்கும்போது ஒன்றோடு ஒன்று முட்டும், படத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறாள். பித்தளைக் குண்டுத் தாழ் போதும், தள்ளினால் விட்டுக்கொடுக்கும். கதவின் மேலே சுவர்க் காகிதம் பூக்கள் பொருந்தும்படி ஒட்டு. உங்கள் வீடு எந்தப் பட்டியலிலும் இல்லை என்று நம்புகிறேன், யாரையும் கேட்காமல் அறுக்கலாம்.

பெரில், இது கிழவிகளின் கூத்து என்று நினைத்தால் நினைத்துக்கொள். ஆனால் செய்து பார். அதற்குப் பிறகும் மோதினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

எல்சி, உனக்குப் பொறுமை இருக்கட்டும். ஆம்பிளைகள் ஒரு கதவு செய்ய எவ்வளவு நாள் எடுப்பார்கள் என்று உனக்குத் தெரியும்.

ஹெட்டி

எல்டர்கோம்
அக்டோபர் 20, 1974

என் எல்சிக்கு,

பெரிலின் கடிதம் வியாழக்கிழமை வந்தது. க்வென் வீட்டில் எல்லாரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள், சத்தமாக வாசித்தேன். பாதியில் நான் நிறுத்திவிட்டேன், ஹிலரி வாங்கி மிச்சத்தை வாசித்தாள். லத்தீன் படிக்கிற வாய், அழகாகத்தான் வாசித்தாள்.

லாயிட் முதலில் முணுமுணுத்தானாம். "அந்தம்மா கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு எனக்கு மேஸ்திரி வேலை பாக்குறாங்க" என்றானாம். அறுவடைக்கு முன்னால் நேரமில்லை, கிடங்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று தள்ளித் தள்ளி வைத்திருக்கிறான். அதற்குள் உனக்கு இரண்டாவது தடவை காயம். அதைப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூடப் போகாமல் ரம்பத்தை எடுத்துவிட்டானாம். லாயிட், உன்னைப் பற்றி நான் மனதுக்குள் நினைத்ததை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த நாள் காலையில் நீ அடுப்புச் சாம்பல் வாளியோடு ஹாலில் வந்தாயாம். பெரில் அடுக்களைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். இடது இடுப்பால் இடித்தாய். கதவு திறந்தது. நீ ஆச்சரியப்படவே இல்லையாம். நேரே உள்ளே வந்து வாளியை வைத்துவிட்டு, பெரிலைப் பார்த்து, "முந்திட்டியா ஹெட்டி? டீ மிச்சம் வெச்சியா?" என்றாயாம்.

வெச்சேன்டி. எப்போதும் வெச்சேன்.

பெரில், நீ எழுதியிருந்தாய், உன்னைப் பெற்ற அம்மா உன்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டது வலித்தது என்று. வலிக்கத்தான் செய்யும். ஆனால் கண்ணு, விடியாத காலையில் பின்படிக்கட்டில் கால் சில்லிட்டுப்போய் அவள் இறங்கி வரும்போது, அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே சூடான முகத்தின் பெயர் அது. அதை இப்போது உனக்கு வைக்கிறாள். உன்னைக் குறைத்துச் சொல்லவில்லை.

டாக்டர் வந்த கதையை ட்ரெவர் நாலு தடவை வாசிக்கச் சொன்னான். உன்னைப் பார்க்க வந்தவர் ஹாலில் நின்றுகொண்டு, மிசஸ் எல்சி எங்கே, இப்போதுதானே இங்கே இருந்தார் என்று தேடினாராம். நீ அவரைப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கதவு வழியாக மறைந்துவிட்டாய். சுவரைப் பார்த்து நிற்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அவர் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தும் வழி தெரியாமல், கடைசியில் லாயிட் உள்ளேயிருந்து திறந்துவிட்டானாம். நல்ல மனிதர். உன் இடுப்பைப் பார்த்தார், புதுக் காயம் இல்லை. தானும் ஒரு தடவை இடித்துப் பார்த்தாராம். பிறகு, "இந்தக் குளிர்காலம் இவங்க வீட்டிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

இந்தக் குளிர்காலம் என்றுதான் சொல்லியிருக்கிறார். நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்துவிட்டேன். பரவாயில்லை. நமக்கு ஒரு குளிர்காலம் என்றால் என்ன என்று தெரியும். சாம்பல் அள்ளி நெருப்பு மூட்டி, சாம்பல் அள்ளி நெருப்பு மூட்டி, ஒரு நாள் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே கல் காய்ந்திருக்கும்.

கடிதத்தின் கடைசியில் பெரில் இன்னொன்று எழுதியிருந்தாள். எழுதலாமா வேண்டாமா என்று அவள் தயங்கியிருக்கிறாள், மை மாறியிருக்கிறது. க்வென்னின் கல்யாண வெள்ளி விழாவில் எடுத்த என் போட்டோவை உனக்குக் காட்டி, இதுதான் ஹெட்டி ஆன்ட்டி என்றாளாம். நீ அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரு இந்தக் கிழவி? பல்லு மட்டும் நல்லாத்தான் இருக்கு" என்றாயாம்.

கட்டின பல்லுடி. போன வருஷம் டாண்டனில் கட்டினது.

பெரில், இதற்கு வருத்தப்படாதே. அந்தப் போட்டோவை எடுத்து அலமாரிக்குள் போடு. அவளுக்குத் தெரிந்த ஹெட்டிக்கு வெள்ளைத் தொப்பியும் மூக்கில் கரியும் இருக்கும். அந்த ஹெட்டி அடுக்களையில் உட்கார்ந்து டீயை மூடி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், அந்த முகம் போதும் எல்சிக்கு. நான் இனிமேல் என் போட்டோ எதுவும் அனுப்பப்போவதில்லை. நடுவில் வந்து குழப்பக் கூடாது.

எல்சி, உனக்கு என் அன்பு. உன் வீட்டில் பனி கதவுக்கு மேல் ஏறாமல் இருக்கட்டும். கை கால் சூடாக இருக்கட்டும். இடுப்பு நோகாமல் இருக்கட்டும். யார் வந்தாலும் திரும்பி நிற்காதே. இது உன் வீடு, நீதான் வீட்டுக்காரி.

பெரில் கண்ணு, உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னிடம் உன் அம்மாவின் படம் பழையதுதான் இருக்கிறது, அதில் அவள் தொப்பி நிழலில் முகமே தெரியவில்லை. புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடு. தலை சீவ வேண்டாம், நல்ல உடை போட வேண்டாம், அவள் எப்படி இருக்கிறாளோ அப்படியே. எவ்வளவு மாறியிருந்தாலும் பரவாயில்லை. எனக்கு அவளைத் தெரியும்.

ஹெட்டி